அரைப்புள்ளி

தஷ்வினி,
இரண்டு சனிக்கிழமையாக உன்னைக் காணோம்.
டயர் கடை மாடியில் உன் நாற்காலியின் மேல்
யாரோ மின்விசிறிப் பெட்டியை வைத்துவிட்டார்கள்.
கீழே ஆ ஹெங் சக்கரம் கழற்றும்போதெல்லாம்
மேசை நடுங்குகிறது, திரையும் சேர்ந்து.
பாடாங் செராயில் இதைவிட மலிவாய்
வேறு மாடி கிடைக்காதென்று உனக்கே தெரியும்.

மடிக்கணினியும் அதேதான்.
அரைப்புள்ளி விசையின் மூடி கழன்றுபோய்
நடுவே ஒரு ரப்பர் மொட்டு.
விரலால் அழுத்தினால் விழாது,
நகத்தால் குத்த வேண்டும்.
வேறு எந்த விசை போயிருந்தாலும் சமாளித்திருப்போம்.
ஒவ்வொரு கட்டளையின் கடைசியிலும்
இந்த மொழி கேட்பது அதைத்தானே.

உன் அண்ணன் சொன்னானாம்:
"கூலிம் ஃபேக்டரியில ஆள் எடுக்கிறான்,
எஸ்.பி.எம். முடிஞ்சதும் பஸ் ஏறு,
இதெல்லாம் எதுக்கு?"
என் அக்காவும் அந்த பஸ்ஸில்தான் போகிறாள்.
பன்னிரண்டு மணி நேரம்
நுண்நோக்கியில் கண்ணை ஒட்டிவைத்து
சில்லில் கீறல் தேடுகிறாள்.
ஒரு நாள் கேட்டாள்:
"நான் பாத்து அனுப்புறேனே,
அதுக்குள்ள இருந்து யாருடீ பேசுறா?"
பதில் தெரியாமல்தான்
நான் இந்தப் படி ஏறினேன்.

முதல் மாதம் முழுக்கப் பிழைதான்.
தவறு இருப்பது இருபத்து மூன்றாம் வரியில்,
திட்டு விழுவது இருபத்து நான்குக்கு.
எங்கள் வீட்டில் தம்பி உடைத்த கோப்பைக்கு
நான் வாங்குவதுபோல.
ஆனாலும் பார்,
யார் மகள், எந்த லயம் என்று கேட்காமல்
எந்த இடத்தில் தப்பு என்று மட்டும்
எண் போட்டுச் சொன்ன முதல் ஆள் அதுதான்.

ஹேமலோசனா நிற்காத வளையம் ஒன்றை எழுதிவிட்டாள்.
திரை முழுக்க அவள் பெயர்
கீழிருந்து மேலே ஓடிக்கொண்டே இருந்தது.
நிறுத்தத் தெரியவில்லை.
பேட்டரி செத்த கணினிதானே, பிளக்கைப் பிடுங்கினோம்.
"இன்னும் கொஞ்சம் ஓட விட்டிருக்கலாம்" என்றாள்,
"என் பேரை யாரும் இத்தனை தடவை எழுதினதில்ல."

அப்புறம் நீ வராத வாரம் நடந்தது.
அம்மா செம்பனைக்கடியில் உதிரிப்பழம் பொறுக்குகிறாள் அல்லவா,
எடைச்சீட்டுகளை மைலோ டப்பாவில் சேர்த்து வைத்திருந்தாள்.
முப்பத்தொன்று.
மழையில் மை கலங்கிய ஒன்றைத் தவிர
எல்லாவற்றையும் உள்ளே கொடுத்தேன்.
என் நிரல் மொத்தமே ஒன்பது வரி.
சம்பளச் சீட்டில் அறுபத்திரண்டு கிலோ குறைந்தது.

கிராணி சொன்னாராம்:
"கம்ப்யூட்டர் கணக்கும்மா, தப்பாது."
அம்மா சொன்னாளாம்:
"இதுவும் கம்ப்யூட்டர் கணக்குத்தாங்க.
என் மக எழுதினது."

எழுதினது.
அந்தச் சொல்லை அவள்
எங்கிருந்து எடுத்தாள் என்று தெரியவில்லை.
நான் சொல்லித் தரவில்லை.

நாற்பது கிலோவுக்குக் காசு வந்தது.
மீதி அடுத்த மாதம் என்றார்கள்.
வரும் என்று உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன்.
ஆனால் இப்போது அடுத்த வீட்டுப் பார்வதி அக்கா
தன் டப்பாவோடு வாசலில் நிற்கிறாள்,
அவளுக்குப் பின்னால் இன்னும் இருவர்.
ஒன்பது வரி போதாது. ஆள் வேண்டும்.

உன் அண்ணன் வைத்தது முற்றுப்புள்ளி என்று
நீ நினைத்துக்கொண்டிருக்கலாம்.
நாங்கள் படிக்கும் மொழியில்
முற்றுப்புள்ளி எதையும் முடிப்பதில்லை.
ஒன்றுக்குள் இருக்கும் இன்னொன்றைத்
தொட்டு அழைக்கத்தான் அது.

சனிக்கிழமை வா.
பெட்டியை இறக்கி வைக்கிறேன்.
எங்கள் எல்லோருக்கும் நகம் கடிக்கிற பழக்கம்,
உன்னுடையதுதான் நீளம்.